லேபல் இல்லாத இசைத்தட்டுகள்

ரொறன்ரோ,
10.01.1998

அன்புள்ள மச்சான் தோமஸ்,

மாதாவின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை உனக்கு வாசித்துச் சொல்பவருக்கும் என் வணக்கம்.

இந்த வயதில் நான் டி.ஜே. ஆகப் பார்க்கிறேன், சிரிக்காதே. மருமகன் இரண்டு றெக்கோட் பிளேயர்கள் வாங்கித் தந்திருக்கிறார். ஊரில் நான் ஒலிபெருக்கி கட்டியபோது, ஒரு தட்டு முடிந்து அடுத்ததைப் போடும்வரை சனம் இருமிக்கொண்டு நிற்கும். நீயோ தாளம் அறாமல் அடுத்த பாட்டைச் சேர்த்துவிடுவாய். எந்தத் தட்டுகளை வாங்குவது, எப்படிச் சேர்ப்பது? யாரையாவது பிடித்து எழுதுவி.

நம் கரை ஆட்கள் இங்கே உன்னை மறக்கவில்லை. ‘ஒப்பாரி தோமஸ்’ என்றால் இன்னும் சிரிக்கிறார்கள்.

உன்
அருளப்பு

தண்ணீரூற்று,
22.03.1998

நண்பன் அருளப்புவுக்கு,

வாசித்துச் சொல்பவருக்கு வணக்கம் என்றாய். வாசித்தவன் நான்தான். எழுதுபவனும் நான்தான். முல்லைத்தீவுக் கரையை விட்டு இங்கே வந்தபிறகு, கோவில் கொட்டிலில் யூலிற்றா ரீச்சர் எழுத்துப் படிப்பித்தா. என் பெயரை நானே எழுதிய அன்று சைக்கிளில் ஏறி ஊரைச் சுற்றி வந்தேன். இக்கடிதத்துக்குப் பல பின்னேரங்கள் போயின. ஒவ்வொரு எழுத்தும் இனிக்கிறது.

தட்டு வாங்கும்போது உறையில் உள்ள படத்தைப் பார்த்து மயங்காதே. உனக்குப் பிடித்த பாட்டும் வேண்டாம். குசினியில் பாத்திரம் கழுவுகிற பெண் எந்தப் பாட்டுக்குத் தன்னையறியாமல் கால் தட்டுகிறாளோ, அதை வாங்கு. பாடகர் வாய் திறக்கும் முன் மேளம் மட்டும் கொஞ்சநேரம் ஓடவேண்டும். அந்த இடத்தில்தான் இரண்டையும் பொருத்தலாம்.

வழுக்குகிற சேலைத்துண்டு ஒன்றை வட்டமாக வெட்டித் தட்டின் கீழே போடு. அப்போது பிளேயர் சுழன்றாலும் தட்டை விரலால் பிடித்து நிறுத்தலாம். ஓடுகிற பாட்டின் தாள அடியைக் குதிக்காலில் வைத்துக்கொள். சரியான அடியில் விரலை எடு. புதுப் பாட்டு முந்தினால் விளிம்பை மெல்லத் தடவு. ஹெட்போன் இல்லாத காலத்தில் நான் ஊசிக்குப் பக்கத்தில் காதை வைப்பேன். ஊசியே மெல்லப் பாடும். ஆடுகிறவர்களின் கையைப் பார்க்காதே, கை பொய் சொல்லும். காலைப் பார்.

சிரிக்கிறார்களா? வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி வீட்டுக் கலியாணத்தில் கலியாணப் பொம்பிளை பந்தலுக்குள் காலெடுத்து வைக்க, நான் பயிலா ஆட்டப்பாட்டு என்று போட்ட தட்டு பெரிய வெள்ளி ஒப்பாரியாகக் கேட்டது. தாய் மயங்கி விழுந்தா. அதன்பின் கரையில் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தத் தட்டின் லேபலை மாற்றியது யார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

சொந்தக் கையெழுத்துடன்,
தோமஸ்

ரொறன்ரோ,
30.05.1998

மச்சான் தோமஸ்,

உன் எழுத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். பழைய கதையை விடு. யாரோ கடையில் தவறாக ஒட்டியிருப்பார்கள்.

சேலைத்துண்டு நன்றாக வேலை செய்கிறது. மனைவியின் நல்ல சேலை என்பதால் வீட்டில் சண்டை. அடி பொருந்துகிறது. ஆனால் நிறோஜன் என்று ஓர் இளம் டி.ஜே. இருக்கிறான். “அப்பு, உங்கட பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்கோ” என்று வந்து லேபல்களை வாசித்துவிட்டு, அடுத்த கிழமை அதே பாட்டுகளோடு மேடை ஏறுகிறான். என்ன செய்ய?

அருளப்பு

தண்ணீரூற்று,
02.08.1998

அருளப்புவுக்கு,

சண்டையால் ஆமிக்காரர் பற்றரியை உள்ளே வர விடுகிறார்கள் இல்லை. சைக்கிளை மிதித்து டைனமோவில் றேடியோ கேட்கிறோம். மற்றப்படி சுகம்.

நிறோஜனுக்கு வழி இருக்கிறது. எல்லா லேபல்களையும் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து உரித்துவிடு. உறைகளையும் எறி. வாசிக்க எழுத்து இல்லாவிட்டால் அவன் எதைத் திருடுவான்?

பயப்படாதே. அந்தக் கலியாணத்துக்குப் பிறகு நான் லேபலை நம்பவில்லை. தட்டைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால், மேளம் கூடிய இடம் மங்கலாகவும் அமைதியான இடம் மினுக்கமாகவும் தெரியும். அதை வைத்து ஒவ்வொரு பாட்டையும் பெயர் சொல்லி எடுக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் உரித்து முடி. முறையைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தோமஸ்

ரொறன்ரோ,
11.10.1998

அன்பு மச்சான்,

எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். நிறோஜன் பெட்டியைத் திறந்து பார்த்துத் திகைத்துப் போனான். இப்போது நான் திகைத்து நிற்கிறேன். மங்கலும் மினுக்கமும் தெரிகின்றன, பாட்டுத்தான் தெரியவில்லை. நேற்று பயிலா என்று வைத்தேன், பாஸ்குப் பாட்டு வந்தது. “பெரிய வெள்ளிக்கு இன்னும் காலம் கிடக்கு, இப்பவே ஏன் அழுறியள்?” என்றாள் மனைவி.

ஜனவரி 23ஆம் திகதி பேத்தி ஜெயரூபினியின் கலியாணம். கரை ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள். என்னைத் தவிர வேறு யாரும் பாட்டுப் போடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த முறையை உடனே எழுது, மச்சான். மன்றாடிக் கேட்கிறேன்.

அருளப்பு

தண்ணீரூற்று,
23.01.1999

அருளப்பு,

உன் கடிதம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே வந்துவிட்டது. கலியாண நாளைப் பார்த்திருந்து இன்று எழுதுகிறேன். ஜெயரூபினிக்கு என் ஆசீர்வாதம். அவளுக்காக இடையில் பேனையை எடுத்தேன். சம்மாட்டியின் மகளும் ஒரு கலியாணப் பொம்பிளைதானே என்று நினைத்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

அந்தக் கலியாணத்துக்கு மறுநாள் தட்டின் லேபலில் எறும்பு மொய்த்தது. தொட்டுப் பார்த்தேன். கோதுமை மாப்பசை, இன்னும் காயவில்லை. வாசித்துச் சொல்ல அந்தத் தட்டை உன்னிடம் மட்டுமே தந்திருந்தேன். கலியாணத்தன்று பந்தலில் நீ என் தோளில் கை வைத்து, “பாவம், விடுங்கோ, அவனுக்கு எழுத்துத் தெரியாது” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். அடுத்த மாதம் உன் ஒலிபெருக்கி கரைக்கு வந்தது. கைநாட்டுக்காரன் லேபலைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

சேர்ப்பது பற்றி எழுதியதெல்லாம் உண்மை. தட்டைப் பார்த்துப் பெயர் சொல்லும் முறை என்று ஒன்றும் இல்லை. லேபலின் நிறத்தைப் பார்த்துத்தான் நான் எடுத்தேன். அந்தக் கலியாணத்துக்குப் பிறகு ஒரு தட்டையும் தொடவில்லை.

நீ என்னைத் திட்டி எழுதுவாய். நீளமாக எழுது. யாரிடமும் கொடுக்காமல், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நானே ஆறுதலாக வாசிப்பேன்.

தோமஸ்