அவன் போட்ட முடிச்சு

மார்ச் 4
பம்பு மோட்டார் ஒன்று வந்தது. சுருள் முழுக்கக் கருகல். பிரித்துக்கொண்டிருந்தபோது மருமகள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.
"மாமா, மின்சாரக் கம்பெனியில லைன் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. லாரி ஓட்டத் தெரிஞ்சிருக்கணுமாம். கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."
நான் நிமிரவில்லை. என் மகனைக் கம்பத்திலிருந்து பிணமாக இறக்கிக் கொடுத்த கம்பெனி. "எர்த் கம்பி மாட்டாமல் ஏறினான், அவன் அஜாக்கிரதை" என்று கைகழுவிய கம்பெனி. அதன் வாசலில் இவள் போய் நிற்பாளாம்.

மார்ச் 5
தூக்கம் இல்லை.
லைனை அணைத்தால் மட்டும் போதாது. எந்த வீட்டிலாவது ஜெனரேட்டர் ஓடினால் அந்தக் கரண்ட் பின்வழியாக லைனில் ஏறிவிடும். அதனால்தான் ஏறுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் கம்பி மாட்டி, வருவதை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். பட்டறையிலேயே வளர்ந்த என் மகனுக்கா இது தெரியாது? அவன் மாட்டித்தான் இருப்பான். யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஆயிரம் பேர் வந்து சொன்னாலும் இதுதான்.

மார்ச் 19
லாரி ஓட்டிக் காட்டச் சொன்னார்களாம். லாரிக்காரர் மகளுக்கு அது ஒரு சோதனையா? ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினாளாம். வீட்டுக்காரிதான் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள்.
"ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருந்தா அவ போகாம இருந்துடுவாளா?"
"போகட்டும். எவன் தடுத்தான்?"
"வாய்தான் போகட்டுங்குது. மூஞ்சி வேற என்னமோ சொல்லுது."

ஏப்ரல் 2
வேலை கிடைத்துவிட்டது. நான் ஒன்றுதான் சொன்னேன்: கம்பெனிச் சட்டை இந்த வீட்டுக் கொடியில் காயக் கூடாது. கம்பெனி லாரி இந்த வாசலில் நிற்கக் கூடாது.
"சரிங்க மாமா" என்றாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 6
சட்டையைப் பக்கத்து வீட்டு மாடியில் காயப்போடுகிறாள்.

மே 21
சாயங்காலம் வந்தவள் உள்ளே வரவில்லை.
"மாமா, அவர் ஓட்டின வண்டியை எனக்குக் குடுத்திருக்காங்க. இத்தனை நாளும் ஷெட்லயே கிடந்துச்சு. தெருமுனையில நிறுத்திருக்கேன். நீங்க ஒண்ணு பாக்கணும்."
போனேன். ஏன் போனேன்?
ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் எர்த் கம்பிகள் இரண்டு செட்டும் இருந்தன. சுருட்டி, நாடா போட்டுக் கட்டியபடி. மேலே புழுதி. நாடாவில் இருந்தது என் முடிச்சு. மோட்டார் சுருளைக் கட்ட நானாகப் பழகிக்கொண்ட முடிச்சு. என்னைத் தவிர அதைப் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.
பிரிக்கவே இல்லை. அவன் பிரிக்கவே இல்லையடா.
"யாருமே மாட்டறதில்ல மாமா. மாட்டினா அரை மணி நேரம் போயிடும். 'சீக்கிரம் ஏறு'ன்னு கீழேயிருந்து போர்மேன் கத்துவாரு. நான் மாட்டாம ஏற மாட்டேன்னேன். ஆமைன்னு பேர் வச்சுட்டாங்க."
அவள் முடிச்சில் கை வைக்கவே இல்லை. நான்தான் அவிழ்த்தேன். எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று இனி எனக்கு மட்டும்தானே தெரியும்.

மே 22
பட்டறை திறக்கவில்லை.

மே 25
மகன் செத்த புதிதில் அந்தப் போர்மேனை நடுரோட்டில் வைத்துக் கொலைகாரன் என்று திட்டியிருக்கிறேன். சொன்னது சொன்னதுதான். ஏறு ஏறு என்று விரட்டியவன் அவன்தானே? ஆனால் நீ ஏண்டா கேட்டாய்? உன் அப்பன் சொன்னது எதையாவது கேட்டிருக்கிறாயா? அவன் சொன்னதை மட்டும் கேட்டாயே.

ஜூன் 14
காற்றும் மழையும். மதியம் எங்கள் தெருக் கம்பத்தில் கம்பி அறுந்தது. அவள் லாரியோடுதான் வந்தாள். லாரியில் ஆளை மேலே தூக்கும் கூடையில் ஏறி நின்று, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, எர்த் கம்பி மாட்டினாள். கீழே நின்றவன், "ஆமையக்கா, விடிஞ்சிடும்" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
மாட்டிவிட்டாள். தெரியும். கண்ணால் பார்த்தேன். ஆனாலும் நாலைந்து வீடுகளில் ஜெனரேட்டர் உறுமுகிற சத்தம். உட்கார முடியவில்லை. மழையில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
கடைசி வீட்டுக்காரன் பேச்சு வளர்த்தான். "கரண்ட் வந்ததும் நிறுத்தறேன் பெரியவரே. இப்ப என்ன அவசரம்?"
"கம்பத்துல என் பிள்ளை நிக்குதுப்பா."
அவன் என்னையே பார்த்தான். என் மகன் சாவுக்கு வந்தவன்தான் அவனும். உள்ளே போய் நிறுத்தினான்.
கம்பி பூட்டி அவள் கீழே இறங்கும்வரை எதிர்ச்சுவரோரம் நின்றேன். 

ஜூன் 15
வெயில். கொல்லைக் கொடியில் ஈரமான கம்பெனிச் சட்டை தொங்குகிறது. என் ஈரக் கையைப் பார்த்த வீட்டுக்காரி யார் போட்டது என்று கேட்கவில்லை. காற்றில் விழாமல் இருக்க இன்னொரு கிளிப் மட்டும் கொண்டுவந்து மாட்டினாள்.