தையற்காரி எந்த ரயிலிலும் ஏறவில்லை

டீச்சர்,

இன்று காலை பழைய பாடக்குறிப்புக் கொப்பிகளை எடுத்து முற்றத்து வெயிலில் பரப்பினேன். ஒரே கரப்பான் பூச்சி வாடை. அவற்றில் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், பச்சை மையில் நீங்கள் எழுதித் தந்த பட்டியல் இருந்தது. பதினொரு படங்களின் பெயர்கள். மேலே "கட்டாயம் பார்க்க வேண்டியவை" என்று எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தீர்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைக் கண்டு நான் அழுதிருப்பேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம்தான் வந்தது. கொப்பியை மூடிவிட்டு உள்ளே போய்த் தேநீர் ஊற்றினேன். அதைக் குடிக்கவும் முடியவில்லை.

கல்முனையில் எங்கள் பெண்கள் பாடசாலைக்கு நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தது எழுபதுகளின் கடைசியில். பாண்டிருப்பிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவீர்கள். நான் தமிழ் படிப்பித்தேன். எனக்கு இருபத்தெட்டு வயது. அதுவரை ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. வாப்பாவின் வீட்டில் தியேட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கலியாணம் முடித்துப் போன வீட்டிலும் அப்படித்தான். நீங்களோ சனிக்கிழமை தவறாமல் தம்பியோடும் அவர் மனைவியோடும் மாட்டினி போவீர்கள். அதிலும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரும்பப் போட்டால் உங்களைப் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு நாவலை முழுதாக வாசித்ததில்லை.

"மழை பெய்யிறதச் சொல்ல மூணு பக்கமா அக்கா?" என்று நான் தந்த முதல் புத்தகத்தைத் திருப்பித் தந்தீர்கள்.

"மூணாவது பக்கத்துலதான் அவன் அழுறான். அதுக்குத்தான் மழை. திரும்ப வாசிங்க," என்றேன்.

வாசித்தீர்கள். திங்கட்கிழமை வந்து, அவன் அழுதது சரியா பிழையா என்று இடைவேளை முழுக்க என்னோடு வாதாடினீர்கள். நம் கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் தொடங்கியது. நான் நூலகத்திலிருந்து என் பெயரில் எடுத்த புத்தகங்களை உங்களுக்குத் தருவேன். நீங்கள் பார்த்த படங்களை எனக்குச் சொல்வீர்கள். நீங்கள் கதை சொன்னால் ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிப்போகும். வில்லன் கதவைத் தட்டுவதற்கு மேசையைத் தட்டுவீர்கள். கதாநாயகி திரும்பிப் பார்ப்பதைக் காட்ட சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுத் திரும்புவீர்கள். அந்த வாசலில் நின்று கேட்டவர்கள் பலர். எனக்குத்தான் தியேட்டர் அது.

அந்தப் பட்டியலில் முதலாவது, ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு தையற்காரியின் கதை. தன்னைக் கைவிட்டவனின் கலியாணத்துக்கு, மணப்பெண்ணின் சட்டையைத் தானே தைத்துக் கொடுத்துவிட்டு, கைப்பிள்ளையோடு ஸ்டேஷனுக்கு வருகிறாள். ரயில் ஏறி வேறு ஊருக்குப் போய் அங்கே சொந்தமாகக் கடை போடுகிறாள் என்று முடித்தீர்கள். கடையின் பெயர்ப் பலகை நீல நிறம் என்றுகூடச் சொன்னீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் எப்படித் தெரிந்தது என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அந்தக் கடை எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது. அதன் வாசலில் போய் நின்றுவிட்டு வந்ததுபோல இருந்தது.

நாலைந்து வருடம் கழித்து என் கணவரின் தம்பி சவூதியிலிருந்து வீடியோ டெக் ஒன்று கொண்டுவந்தார். வீட்டில் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், பெண்கள் மட்டும், முன்கதவைப் பூட்டிக்கொண்டு பார்க்கலாம் என்று மாமி, என் கணவரின் உம்மா, தீர்ப்புச் சொன்னார். உங்கள் பட்டியலின் முதல் படத்தைத்தான் நான் கேட்டு எடுப்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். யன்னல்களில் படுக்கை விரிப்பைக் கட்டினோம். தையற்காரி ஸ்டேஷனுக்குள் காலை வைக்கிறாள், கறண்ட் போய்விட்டது. மூன்று மணித்தியாலம், டீச்சர். மாமி அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும், "அவ ரயில் ஏறுவா, கடை போடுவா," என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கறண்ட் வந்தது. ரயில் வருவதற்கு முன்பே அவள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த வாங்கிலிலேயே காய்ச்சலோடு சாய்ந்து இறந்துபோனாள். பிள்ளை அவள் மடியில் அழுதுகொண்டே இருந்தது. ரயில் வந்தது, போனது. படம் முடிந்தது.

"இதையா நல்ல படம் எண்டு கொண்டாந்த?" என்று மாமி என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் நீங்கள் குடையை மடிப்பதற்குள் கேட்டேன்.

"அவ மௌத்தாகிறா. என்னத்துக்கு எனக்கிட்டப் பொய் செல்லினீங்க?"

உங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. "நீங்க அப்ப எட்டு மாசம்," என்றீர்கள். "அதுக்கு முன்னம் ஒண்டு தங்கவுமில்ல. பிள்ளைய மடியில வெச்சிக்கிட்டுச் சாகிறா எண்டு நான் எப்பிடிக்கா உங்களுக்குச் சொல்லுவன்?"

"நான் தாங்குவனா மாட்டனா எண்டு முடிவெடுக்க நீங்க ஆரு?"

"கோவிக்காதீங்க. படம்தானே."

"படம்தான். ஆனா எனக்கு அது ஒண்டுதானே இருந்த. அதையும் வடிகட்டித்தானா தருவீங்க? எல்லாரும் எனக்கு அப்பிடித்தான் தாறாங்க. நீங்களுமா?"

என் குரல் வராந்தா வரை போயிருக்கும். வேறு எத்தனை படத்துக்கு முடிவை மாற்றினீர்கள் என்று கேட்டேன். விரலில் எண்ணிப் பார்த்து, "நாலு," என்றீர்கள். இரண்டு கிழமை உங்களோடு கதைக்கவில்லை. பிறகு நீங்களே என் மேசைக்கு வந்து, "இனி ஒண்டையும் மாத்த மாட்டன். உள்ளத உள்ளபடி சொல்லுவன்," என்றீர்கள். "சத்தியமா?" என்றேன். "ஓம், சத்தியமா."

அந்த வார்த்தையை நான் நம்பினேன். என்னை எரிச்சலூட்டுவது அதுதான்.

அடுத்த வருடம் நீங்கள் மெலிந்துபோனீர்கள். சேலையில் பின் குத்தும் இடம் மாறிக்கொண்டே வந்தது. கேட்டதற்கு, "இரத்தம் குறைவாம், குளிசை தந்திருக்காங்க," என்றீர்கள். லீவு எடுத்துக் கண்டியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், குளிர் பட்டால் சரியாகும், பாடசாலைத் தவணை தொடங்க வந்துவிடுவேன் என்றீர்கள். பாதி வாசித்திருந்த நாவலையும் என்னிடம் திருப்பித் தந்தீர்கள். "உங்கட பேரில எடுத்த புத்தகம். நான் கொண்டு போனா நூலகத்துல உங்களத்தான் பேசுவாங்க." நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு தடவையாவது உங்கள் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் என்ன?

தவணை தொடங்கியது. நீங்கள் வரவில்லை. கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறேன், டாக்டர் இன்னும் ஓய்வு வேண்டும் என்கிறார், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தீர்கள். கீழே: "அந்த நாவல் மனசை விட்டுப் போகவில்லை. மகனைத் தேடிக் கப்பலேறிப் போன அந்தத் தாய், கடைசியில் அவனைக் காண்கிறாளா? எழுதி அனுப்புங்கள். காத்திருக்க ஏலாது."

காத்திருக்க ஏலாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வழக்கமான அவசரம் என்று நான் சிரித்தேன்.

அன்றே பதில் எழுதினேன். "இல்லை டீச்சர். காணவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் தனியாக இறந்துபோகிறாள். மகன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான். அவனுக்குத் தெரியவே தெரியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பார்த்தீர்களா, நான் எதையும் மாற்றவில்லை," என்றும் சேர்த்தேன். எழுதும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு தபாலட்டையில் உங்கள் பதில் வந்தது. எழுத்து கோணிப்போயிருந்தது. "கிடைத்தது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நன்றி."

மூன்று கிழமைக்குப் பிறகு உங்கள் தம்பி பாடசாலைக்கு வந்தார். நான் வகுப்பிலிருந்து எழும்பிப் போனேன்.

"அக்கா முந்தாநாள் போயிட்டா டீச்சர். எல்லாம் கண்டியிலேயே முடிஞ்சிது."

"என்ன வருத்தம்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "புற்றுநோய்தானே. ஒரு வருசத்துக்கு மேல. உங்களுக்கு எல்லாம் சொல்லிட்டன் எண்டு அக்கா சொன்னாவே? அதாலதான் நாங்க ஒண்டும் அறிவிக்கல்ல."

என்னிடம் சுகம் என்றீர்கள். அவர்களிடம் எனக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். இரண்டு பக்கமும் கதையை மாற்றிவிட்டு நீங்கள் நடுவில் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் கணவரைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்திருப்பேன். மிச்சப் பாதி நாவலைப் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டியிருப்பேன். அந்த மூன்று பக்க மழையைப் பற்றி இன்னொரு தடவை சண்டை பிடித்திருப்போம். ஒன்றுக்கும் நீங்கள் இடம் வைக்கவில்லை. நான் தாங்க மாட்டேன் என்று மறுபடியும் நீங்களே முடிவெடுத்துவிட்டீர்கள். அதற்காக உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் டீச்சர், இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி உண்மை இருந்திருந்தால், அந்தத் தாய் மகனைக் காண்கிறாளா என்ற கேள்விக்கு நான் என்ன எழுதியிருப்பேன்? "கண்டாள், அவன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்," என்றுதான் எழுதியிருப்பேன். பேனா நின்றிருக்காது. துறைமுகத்தையும் வெயிலையும் அவன் போட்டிருந்த சட்டையையும்கூடச் சேர்த்திருப்பேன். அப்படியானால் அன்று ஆசிரியர் அறையில் நான் உங்கள் மேல் கத்தியது எதற்காக? இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்க ஆளில்லை.

அதற்குப் பிறகும் இருபது வருடம் படிப்பித்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ புத்தகங்களின் கதையைச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நாவலை மட்டும் பாதி வரைக்கும்தான் சொல்வேன். "மறுகா என்ன நடந்த டீச்சர்?" என்று கேட்பார்கள். என் வாயில் இரண்டு முடிவும் வந்து நிற்கும். "நூலகத்துல இரிக்கி, எடுத்து வாசிங்க," என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.