உட்காரச் சொன்னார்கள்

இன்று காலை மகன் கத்தரிக்கோலோடு வந்து நின்றான். நேற்றைய கச்சேரியின் காகிதக் கைப்பட்டை இன்னும் என் மணிக்கட்டில் கிடக்கிறது. ஸ்டேடிய வாசலில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒட்டிவிடுவார்களே, அதுதான். வியர்வையும் நீ முட்டியில் தேய்க்கும் பச்சைத் தைலமும் கலந்து அதில் மணக்கின்றன. உன் வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்தது அந்தத் தைலக் குப்பி மட்டும்தான். பட்டையை வெட்ட வேண்டாம் என்றேன். தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது என்பது உன் சட்டமாயிற்றே. நம் கையுறை ஃபேக்டரியில் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் சட்டைக் கைக்குள் அதை எத்தனை நாள் ஒளித்து வைத்திருப்பாய். "வேலைக்கு ஒரு பாஸ் மாட்டியிருக்கோம்ல. இது நம்ம பாஸ் லா" என்பாய்.

தமிழ்நாட்டிலிருந்து பாடகர்கள் ஈப்போவுக்கு வருகிறார்கள் என்று விளம்பரம் வந்தாலே டிக்கெட் தீர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து நமக்கு ஷிப்ட் இருக்கும். முதல் தடவை சிலிபினில் என் வீட்டிலிருந்து உன் மோட்டாரில் பின்னால் ஏறிப் போனோம், டிக்கெட்டே இல்லாமல். மழை வேறு. கவுண்டரில் இருந்தவர் "ஹாபிஸ், தீந்துபோச்சு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். நீ அசையவில்லை.

"பாட்டு இன்னும் ஆரம்பிக்கலே. அதுக்குள்ள என்னடி அவசரம்? நில்லு."

கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஜோடி சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அழுதாள். நீ போய் அவள் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னாய், அவனைப் பார்த்து முறைத்தாய். "வீட்டுக்குப் போயி பேசித் தீத்துக்குங்க தம்பி" என்று பெரிய மனுஷி மாதிரி புத்தி சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் கேட்டாய்: "அந்த ரெண்டு டிக்கெட்ட என்ன செய்யப் போறீங்க?" உள்ளே போய் உட்காரும்வரை நான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

நான்தான் உட்கார்ந்தேன். நீ எங்கே உட்கார்ந்தாய்? முதல் தாளம் விழுந்ததும் எழுந்தவள்தான். பின்வரிசையிலிருந்து மறைக்கிறது என்று கத்தினார்கள். காவலர் வந்து "டுடோக், டுடோக்" என்று கையை அமர்த்திக் காட்டினார். "உக்காந்து பாக்க வீட்டுல டிவி இருக்கு" என்று அந்த மலாய்க்காரருக்குத் தமிழிலேயே பதில் சொன்னாய். பிறகு என் காதோரம் குனிந்தாய். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். "எங்கம்மா இருட்டோட எந்திரிச்சு, பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வாழ்நாள் பூரா நின்னுச்சு. நான் பாட்டுக்கு நிக்கிறேன்."

அப்புறம் சர்க்கரை உன் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துக்கொண்டது. இந்தக் காலோடு கச்சேரியா என்றார் உன் அண்ணன். போனோம். கேன்டீனில் இருந்த பெண்களெல்லாம் ஆளுக்கொரு போனில் தட்டித் தட்டி, தீருவதற்குள் நமக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலிக்கு ஒதுக்கியிருந்த இடம் ஒரு மூலை. வேகமான பாட்டு வந்ததும் முன்னால் இருந்தவர்கள் எழுந்துவிட, உனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். உனக்குத் துணையாக நானும் எழாமல் இருந்தேன். அதைப் பெரிய அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நீ என் கையைத் தட்டிவிட்டாய். "எனக்குக் கால் இல்ல, உக்காந்திருக்கேன். உனக்கு என்னடி கேடு? எந்திரி."

மேடைக்கு முதுகைக் காட்டி, உன்னைப் பார்த்து ஆடினேன். நாற்காலிக் கைப்பிடியில் நீ தாளம் போட்டாய். அன்று பாடியது யார் என்றுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. உன் முகம்தான் இருக்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியத்தில், "ஆட்டம் பாட்டம்னு அலைஞ்சே உடம்பக் கெடுத்துக்கிட்டா" என்றார் உன் அண்ணன். வந்தவர்கள் தலையாட்டினார்கள். உன் உடம்பைக் கெடுத்தது மாறி மாறி வந்த ஷிப்ட். தூக்கத்தை விரட்டக் குடித்த, தித்திக்கும் டின் பால் தேத்தண்ணி. டாக்டரைப் பார்க்கக் கேட்டும் கிடைக்காத லீவு. எப்போதாவது ஒரு மாலை எழுந்து ஆடியதால் உன் சுண்டுவிரல்கூடப் போகவில்லை. இதை அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னேன். பந்தியில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. சோறு நன்றாகத்தான் இருந்தது.

செத்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் கச்சேரியா என்று கேட்டவர்களும் அவர்களே. உன்னை ஆடிக் கெட்டவள் என்று சொல்லிவிட்டு, என்னை வீட்டில் இருந்து அழச் சொல்கிறார்கள். நான் போனேன். நேற்றும் டிக்கெட் தீர்ந்துபோன கச்சேரிதான். முதல் தாளம் விழுந்ததும் எழுந்தேன்.

"ஆன்ட்டி, மறைக்குது. உக்காருங்க" என்றான் பின்னால் ஒரு பையன்.

"நீங்களும் எந்திரிங்க தம்பி. மறைக்காது."

பையன் எழுந்தான். அவன் மறைத்ததால் அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். காவலர் கையை அமர்த்தி அமர்த்தி அலுத்துப் போனார்.

கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு வந்த மகன், நான் தைலம் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன.

"அடுத்த தடவையாச்சும் உக்காந்து பாருங்கம்மா" என்றான்.

"கால் இருக்குடா" என்றேன்.