எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

அன்பான அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் படத்தில் கிடந்த மாலையைக் கழற்றினேன். நேற்றுக் கட்டியது, இன்னும் வாடவில்லை. பேச்சி வந்து பார்த்துவிட்டு, "என்ன தாயி, அதுக்குள்ள எடுத்துட்டீக? ஐயா கோவிச்சுக்கப் போறாக" என்று சிரித்தாள். புதுச் சரத்தைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நம் ஏலக்காட்டு மாயாண்டியை மதுரைச் சிறையில் தூக்கிலிட்ட பிறகும் அவன் மனைவி நம்மை விட்டுப் போகவில்லை. நீங்கள் இறந்த நாளிலிருந்து உங்களுக்குப் பூக் கட்டுவது அவள்தான். "ஐயா இல்லேன்னா எங்களுக்கு வக்கீலு யாரு வச்சிருப்பா? கடைசிவரைக்கும் ஓடியாடிப் பாத்தாக" என்பாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன வாரம் காட்டைப் பார்க்க மலையேறினேன். நம் பழைய ஆள் வீரணன் கூட வந்தார். திருவிதாங்கூர் எல்லைக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பாதையோரக் குவியலில் போட்டார். வெட்டுப்பட்டவன் விழுந்த இடத்தில் போகிறவர் வருகிறவர் ஆளுக்கொரு கல் போடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? யாருக்கு இது என்று கேட்டேன்.

"அந்தக் கங்காணிக்குத்தான். மாயாண்டி கையில செத்தானே, அவனுக்கு."

"அவன் நம்ம எல்லைக்குள்ளதானே கெடந்தான்?"

"விழுந்தது இங்கனதான் தாயி. ஐயாதான் கல்லைத் தாண்டி நம்ம பக்கம் கொண்டுபோய்ப் போடச் சொன்னாக. நாங்க நாலு பேரு தூக்குனோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நம் ஏலச்செடிகள் கல்லைத் தாண்டி, திருவிதாங்கூர் சர்க்கார் காட்டுக்குள் ஓடைவரை இறங்கியிருந்தன. பிணம் அங்கே கிடந்தால் அந்த ஊர்ப் போலீஸ் வரும், செடிகளையும் பார்க்கும். அவ்வளவுதானே அப்பா?

திருவிதாங்கூரில் தூக்குத் தண்டனையை எடுத்துவிட்ட செய்தியை எனக்குப் பேப்பரில் வாசித்துக் காட்டியது நீங்கள். "ஒரு காலத்துல அங்க பிராமணனுக்கு மட்டும் தூக்கு கெடையாது. இப்ப ஆருக்கும் கெடையாது. சின்ன ராஜ்யம், வெள்ளைக்காரன் செய்யாததைச் செஞ்சிருக்கு பாரு" என்றீர்கள். அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் இந்தக் கொலை. அங்கே விசாரித்திருந்தால் மாயாண்டி ஜெயிலில் உயிரோடு இருந்திருப்பான். மலையில் வேறு யாருக்கும் இது தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும்.

"நீ வாயைத் தொறக்காத, நான் பாத்துக்கிறேன்" என்று அவனிடம் சொன்னீர்களாம், பேச்சி அடிக்கடி சொல்வாள். கொலை நடந்த இடத்தைப் பற்றி அவன் கோர்ட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கு வராது என்று நினைத்தீர்களா? வந்த பிறகாவது நீங்கள் வாயைத் திறந்திருக்கலாமே?

கருணை மனுவை என்னைத்தானே இங்கிலீஷில் எழுதச் சொன்னீர்கள். சம்பவம் நடந்த இடம் இன்னதென்று நீங்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பொய்யை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். பொட்டப்பிள்ளைக்குக் காலேஜ் எதுக்கு என்று கேட்ட ஊரை மீறி என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தீர்கள். இதற்குத்தானா?

பேச்சி வைத்த சரம் இன்னும் தாம்பாளத்திலேயே இருக்கிறது. நாளைக் காலை அவள் வரும்போது உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். தம்பியிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவள் விரும்பினால் உண்மையான இடத்தைப் போட்டு சர்க்காருக்கு இன்னொரு மனு எழுதி, கீழே என் பெயரோடு உங்கள் பெயரையும் எழுதுவேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அதையெல்லாம் கேட்ட பிறகும் அவள் உங்களுக்கு மாலை போட நினைத்தால், தடுக்கமாட்டேன். என் கையால் இனிப் போடமாட்டேன்.

மனு எழுதிய உங்கள் மகள்,
காமாட்சி
கோம்பை