ஃபேஸ்புக்கை மூடியதும் மறுபடி திறந்ததும்

அன்பு மகளுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்கு நடுவே கொஞ்சம் வெயிலையும் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்றே எண்ணிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் என்றால் அப்பா பக்கத்தில் இருப்பார், அவர் காதில் விழக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொன்று, சிரிக்காதே. நான் மறுபடியும் ஃபேஸ்புக்கில் இருக்கிறேன்.

தலைமுழுகிவிட்டேன் என்று உன்னிடம் பெருமையடித்துக்கொண்டவள்தான். நீயும் "சபாஷ்மா, இனிமே நிம்மதியா இரு" என்றாய். மூடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வங்கி மேனேஜர் ஒரு பேன்ட்டை உயரம் குறைக்கக் கொடுத்திருந்தார். உன் அத்தை புது சோபாவில் சாய்ந்துகொண்டு போட்ட படங்களைப் பார்த்துக்கொண்டே தைத்ததில், ஒரே காலை இரண்டு தடவை வெட்டித் தைத்துவிட்டேன். மனிதர் போட்டுப் பார்த்துவிட்டு என் முன்னால் நின்றார், ஒரு கால் கணுக்காலுக்கு மேலே, மறு கால் தரையில் புரள. மானம் கப்பலேறியது. அது போதாதென்று, பக்கவாதம் வந்த பிறகு அப்பா பேசிப் பழகுகிற வீடியோ ஒன்றைப் போட்டிருந்தேனே, அதற்குக் கீழே எவனோ ஒருவன் சிரிக்கிற பொம்மையைப் போட்டிருந்தான். காய்கறிச் சந்தையில் மைக் இல்லாமல் ஏலம் விட்டவர், இப்போது "தண்ணி" என்ற ஒரு வார்த்தைக்கு மூச்சு முட்டப் போராடுகிறார், அதைப் பார்த்து ஒருவனுக்குச் சிரிப்பா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே மூடினேன்.

மூடின பிறகு சொர்க்கம்தான், பொய் சொல்லவில்லை. தையல் நேராக வந்தது, அத்தை மேல் பாசம்கூட வந்தது. ஆனால் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. பேச்சு போனவர்களுக்கென்று அதில் ஒரு குழு இருக்கிறது, வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் என் கணக்கிலேயே அப்பாவைச் சேர்த்துவிட்டிருந்தாள். அதில் எங்கேயோ இருக்கிற ஒரு லாரி ஓட்டுநர், அவருக்கும் இதே கதி. காலையில் அப்பா ஒரு துண்டு வீடியோ போடுவார், பதிலுக்கு அவர் ஒன்று போடுவார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க மாட்டார்கள், ஆனாலும் என்ன சிரிப்பு, என்ன கையாட்டல்! நான் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டேன். மூடிய பிறகும் அப்பா காலையில் சவரம் செய்து, தலைவாரி, நல்ல சட்டையோடு என் தையல் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து போனைக் காட்டுவார். டீயா என்பேன், ஃபேனா என்பேன், மகள்கிட்ட பேசணுமா என்பேன். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டிவிட்டு எழுந்துபோவார். அப்புறம் சவரமும் நின்றது. பயிற்சிக்காரப் பெண் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ கூப்பிட்டபோதெல்லாம் தூங்குகிறார் என்று சொன்னேனே, தூங்கவில்லையடி. உன்னைப் பயமுறுத்த மனசு வரவில்லை. இனி இவர் பேசவே மாட்டாரோ என்ற பயம் எனக்கு.

அந்தப் பெண்தான் ஒரு நாள் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள், "தப்பா நினைக்காதீங்கம்மா. அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லி முடிச்சிடறீங்க. இந்த வீட்ல அவர் பேச வேண்டிய அவசியமே இல்ல. அந்த லாரிக்காரர்தான் அவர் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு." யார் எது சொன்னாலும் பதிலுக்கு நாலு கொடுக்கிறவள் நான், உனக்குத் தெரியும். அன்றைக்கு அவளை வாசல்வரை அனுப்பிவிட்டுப் போனைத்தான் எடுத்தேன்.

மூடிய கணக்கைக் கொஞ்ச நாளுக்குள் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்குமாம், இருந்தது. குழுவில் அந்த மனிதருடைய வீடியோக்கள் வரிசையாகக் கிடந்தன. இவர் இல்லை என்று தெரிந்தும் ஒரு நாள்கூட விடவில்லை. சிலவற்றில் சும்மா கையை மட்டும் ஆட்டுகிறார். கடைசியாகப் போட்டதில் முகம் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, "எங்... க?" என்று கேட்கிறார். போனைக் கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேன். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். கண் பொலபொலவென்று கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. எனக்கு என்னமோ சொல்ல வந்துவிட்டது, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து "டேய்" என்றார். அப்புறம், "இரு... வரேன்." சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சவரம் செய்ய உட்கார்ந்தார்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குக் கிடைக்காத பேச்சு, நேரில் பார்த்தே இராத ஒருவருக்குப் போனதே என்று கொஞ்சம் பொறாமைதான். போகட்டும். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், தினம் அவருக்காகவும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன். அந்த ஃபேஸ்புக்குக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நன்றி. எனக்கு அது இன்னமும் பிடிக்கவில்லை. வீடியோ போடத்தான் உள்ளே போகிறேன், அத்தையின் புதுத் திரைச்சீலை வந்து நிற்கிறது, டீ ஆறிவிடுகிறது. கத்தரிக்கோல் கையில் இருக்கும்வரை போன் ஃபிரிட்ஜ் மேல்தான் என்று வைத்திருக்கிறேன். பேன்ட் போட்டவர் யாரும் இதுவரை நொண்டவில்லை.

இப்போது அந்தச் சங்கதி. அப்பா லாரிக்காரரோடு சேர்ந்து ஒரு வார்த்தையை ரகசியமாகப் பழகிக்கொண்டிருக்கிறார். சின்ன வயசில் உன்னைக் கூப்பிடுவாரே, சுண்டெலி என்று, அதுதான். "சுண்" வந்துவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. அவரும் அங்கிருந்து "சுண், சுண்" என்கிறார், பாவம், யாரைக் கூப்பிடுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது சொல்லத்தான் இத்தனை பாடு.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும். ஞாயிறு போனை மட்டும் மறந்துவிடாதே. அப்பா ஆரம்பித்ததும், உனக்கும் என் வாய்தானே, "சுண்டெலிதானேப்பா!" என்று முந்திக்கொள்வாய். முந்தாதே. லைன் கட்டாகிவிட்டதென்று ஹலோ ஹலோ என்று கத்தாதே. அழுகை வந்தால் சத்தமில்லாமல் அழு. எவ்வளவு நேரமானாலும் காத்திரு.

இப்படிக்கு,
பக்கத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கப்போகும்
உன் அம்மா