ஃப்ளோராவுக்குக் காற்று மெத்தை

1934, பிப்ரவரி 3, சனி

ரங்கூனிலிருந்து தங்கை ஃப்ளோராவின் கடிதம். பதினேழாம் தேதி வருகிறாளாம். பத்து நாள்தானாம். புருஷன் போனபின் அங்கே ஆஸ்பத்திரி நர்சாகத் தனியாகக் கிடக்கிறாள். போன தடவை ஒரு மாதம் என்று வந்தவள் மூன்றாம் நாளே கப்பலேறினாள். இடுப்புவலிக்காரிக்குத் தரையில் பாய் போட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்த முறை அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

கப்பல் சாமான் விற்கும் அமீருதீன் கடைக்குப் போனேன். நார் மெத்தை குத்துகிறது. இலவம்பஞ்சு நல்லதுதான், ஒற்றை அறையில் பகலில் எங்கே வைப்பது? பிறகு ஒரு ரப்பர் மெத்தைக்குக் காற்றடித்துக் காட்டினார். காற்றை விட்டால் மடித்துப் பெட்டியில் வைக்கலாமாம். "படுத்துப் பாரும்மா, நான் அந்தாண்ட போறேன்" என்றார். படுத்தேன். கட்டுமரத்தில் மல்லாந்து கிடப்பதுபோல... உடம்பே இல்லை. தெருவில் டிராம் மணி, எங்கோ தூரத்தில். எவ்வளவு நேரம் கிடந்தேன்? அவர் கனைத்தபிறகுதான் எழுந்தேன். வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

நான் மெத்தையை மூச்சிரைக்க ஊதுவதை என் வீட்டுக்காரர் பாஸ்கல் பார்த்தார். "வாயால ஊதிகினு கீறியே மேரி, ஷெட்டுல ரிவிட் அடிக்கிற காத்துக் குழா கீது" என்று தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் காற்று மிஞ்சி ஓரம் பிளந்த மெத்தையோடு வந்து நிற்கிறார் — பெரிய ஃபிட்டர்! இன்னா மனுசன் இவர்? ஒட்டுப் போட்டிருக்கிறாராம்.

பிப்ரவரி 17, சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

விடிந்ததும் சிரிப்புச் சத்தம். ஃப்ளோரா சிமெண்டுத் தரையில் கிடக்கிறாள், அடியில் வெறும் ரப்பர். "கொஞ்சங் கொஞ்சமா எறங்கிகினே இருந்தேன் யக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இடுப்பு நோகாவிட்டால் நீ இருந்துவிடுவாய் என்றுதானே வாங்கினேன் என்று கொட்டிவிட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"இடுப்பாலயா போனேன்? போறேன்னு சொன்னேன், நீ சரின்னு சோறு கட்டிக் குட்த்த. இருடின்னு ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை. சொல்லவேயில்லை நான்.

"இருடி" என்றேன். முகம் கழுவப் போய்விட்டாள்.

பிப்ரவரி 24, சனி

மத்தியானம் இருவரும் மெத்தையில் படுத்தோம். கடல் காற்று. எது பேச்சு, எது கனவு, தெரியவில்லை. விழித்தபோது தரையில் இருந்தோம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ரங்கூன் கப்பல் இன்று மாலை. காலையில் பால்காரி கெங்கம்மாவிடம் ஃப்ளோராதான் சொம்பை நீட்டினாள். "நாளையிலேர்ந்து ஒரு ஆழாக்கு சேத்து ஊத்து" என்றாள். என்னைக் கேட்கவில்லை.