இன்னும் ஒன்பது கிலோமீற்றர்

சிவமயம்

சோலோதுர்ன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் அபிஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் வழக்கம். அதில் முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. இரண்டாம் பாதி உண்மை. நீ நலமாக இருக்க வேண்டும்.

போன் எடுத்தால் நீ தூக்குவதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் வாசித்த அடையாளம் விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் கடிதம். நீ தங்கியிருக்கும் விடுதியின் விலாசத்தை அக்கா ரிஷானி தேடித் தந்தாள். தமிழ் வாசிக்க மறந்துபோச்சு என்று அக்காவிடம் சாட்டுச் சொல்லாதே. சனிக்கிழமை காலையில் கட்டிலிலிருந்து உன்னை இழுத்தெடுத்துத் தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ப் பத்தாம் வகுப்புவரை படிப்பித்தவள் நான். எதற்காகப் படிப்பிக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

முதலில் அப்பாவின் பாடு. நீ போன இந்த ஒரு மாதத்தில் அந்த நரம்பு நோயில் இடது கை முழுதாக விழுந்துவிட்டது. வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் அசைகின்றன. கழுத்து நிற்பதற்குப் பட்டி போட்டிருக்கிறோம். நாக்கும் தடித்துவிட்டது. அவர் கதைப்பதை ஊன்றிக் கேட்டால்தான் விளங்கும். சோற்றைக் கரைத்துப் பருக்குகிறேன். முப்பது வருடம் கடிகாரத் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளைப் பூட்டிய கை இப்போது கரண்டி பிடிக்காது. மூளை மட்டும் பழையபடி. ரசத்தில் உப்புக் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிறார்.

முதியோர் இல்லத்தில் என்னுடைய சலவை வேலையை அரைநாளாக்கித் தந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நோவு என்றுதான் சனத்துக்கு இன்னும் சொல்லி வைத்திருக்கிறேன். குலேந்திரன் மாமா நாரிக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார். வாசலோடு அனுப்பிவிட்டேன். பாவம் மனுசன், நல்ல எண்ணத்தோடு வந்தவர். ஒக்டோபர் முடிந்ததிலிருந்து இங்கே ஆற்றுப் பக்கம் முழுக்க மூடுபனி. வெயிலை உன் வீடியோவில்தான் பார்க்கிறோம்.

வீடியோ என்றதும் சொல்கிறேன். நாலு மணிக்கு நீ அனுப்புவாய் என்று மூன்றரைக்கே கட்டிலை நிமிர்த்தச் சொல்லிவிடுவார். ஹாண்டிலில் நீ பூட்டியிருக்கும் கமராவில் பாதை ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழைய ரயில் நிலையம், பூமரம், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனுசர். ஒரு கார் இல்லை. மலைக்கு ஏறுகிற நாட்களில் ஒலிவ் மரங்களும் உன் மூச்சுச் சத்தமும்தான். 'கியரைக் குறை, குறையடா தம்பி' என்று கட்டிலில் கிடந்தபடி உனக்குச் சொல்கிறார். அந்த அரை மணித்தியாலம் அவர் நோயாளி இல்லை. உனக்கு ஆறுதலுக்காக இதை எழுதவில்லை. கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

அந்தப் பாதையைத் தேட வைத்தவளே நான்தான். நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது லொறி ஒன்றின் பக்கக் கண்ணாடி தட்டி, தோளில் இரத்தத்தோடு வீட்டுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கும். இனிக் கார் ஓடுகிற ரோட்டில் சைக்கிள் ஓடினால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், சான்ரெமோ பக்கத்தில் கடற்கரையோடு ஓடிய தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளுக்குப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். 'இருபத்துநாலு கிலோமீற்றருக்கு ஒரு காரும் இல்லையப்பா, இனி என்ன சாட்டுச் சொல்லப்போறீர்?' என்றார். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஊர் முழுக்கக் கார் இல்லாத ரோட்டுத்தானே, அப்போது ஒருத்தரும் விடுமுறைக்கு வரவில்லையே என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு ஒக்டோபர் லீவு உங்கள் இரண்டு பேருக்கும் என்று எழுதி வைத்ததாகிவிட்டது. நான் ஒருமுறைதான் வந்தேன். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாதையோரத்து மர வாங்கில் குந்தியிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் காருக்குப் பயந்தேன், மகன். வந்தது வேறு வழியால் வந்தது. முந்தின வருடம் மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய இடது கை பிரேக்கை இறுக்கவில்லையாம். நீ பக்கத்தில் வந்து தோளைப் பிடித்து நிறுத்தினாயாம். அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் முடிவெடுத்தீர்களாம். போன மாதம்தான் எனக்குச் சொன்னார். உன்னை நன்றாக ஏச வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது ஏச்சும் வருகுதில்லை.

இனி எழுதப்போவதுதான் காரியம். இதுவரை இரண்டு தரம் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

மாறாத நோய்க்காரர் தாங்களே நாள் குறித்துப் போவதற்குத் துணை நிற்கிற அந்தச் சங்கத்தில் அப்பா பதிந்திருக்கிறார் என்று கேட்ட கிழமைதான் நீ சைக்கிளைத் தூக்கினாய். எனக்காக ஒருக்கால் ஓடிப் படம் பிடித்து அனுப்பு என்று அவர் கேட்டது உனக்கும் போவதற்கு ஒரு வழியாகிவிட்டது. நீ போன பிறகு டொக்டர்கள் வந்து கதைத்துவிட்டுப் போனார்கள். இந்த நாட்டுச் சட்டம் விடுகிறது. ஆனால் கடைசிக் காரியத்தை அவர்தான் தன் கையால் செய்ய வேண்டுமாம், வேறு ஒருத்தரும் செய்யக் கூடாதாம். அதுதான் அவசரம். இந்த இரண்டு விரல் இருக்கும்போதே என்கிறார். நான் ஓம் என்று சொல்லவில்லை. அவர் கதையை எடுத்தால் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு இருந்தேன். வருத்தம் மாற வேண்டும் என்று கேட்பதா, அவர் மனம் மாற வேண்டும் என்று கேட்பதா தெரியாமல், முருகா முருகா என்று பெயரை மட்டும் சொல்லிக் கும்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நல்ல மனுசி, சொல்லாமலே சப்பாத்தை வாசலில் கழற்றினார். எனக்கு மொழிபெயர்க்க ரிஷானி பக்கத்தில் இருந்தாள். இரண்டு கிழமை தள்ளி வருகிற வெள்ளிக்கிழமை வரலாம், இல்லாவிட்டால் அடுத்த நாள் சனி, எது வசதி என்று அந்தப் பெண்மணி கேட்டார். அந்த அளவு ஜெர்மன் எனக்கு விளங்கும். ரிஷானி வாய் திறக்க முதல் 'சனிக்கிழமை வேண்டாம்' என்று சொல்லிவிட்டேன். சனிப் பிணம் தனிப் போகாது என்று கேட்டு வளர்ந்த காது, சொல்லிப் பழகிய வாய். அதோடு நிறுத்தினேனா? எழும்பிப் போய்த் தமிழ்க் கடைக் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் புரட்டி, அந்த வெள்ளியில் அட்டமி இல்லை, நவமி இல்லை, கரிநாளும் இல்லை என்று விரல் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'வெள்ளி நல்லது' என்றேன்.

உன் அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அம்மா என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். அப்பாதான் அந்தத் தடித்த நாக்கால் ஒவ்வொரு சொல்லாக, என் மனைவிக்கு வெள்ளி சம்மதம் என்று ஜெர்மனில் சொன்னார். அந்தப் பெண்மணி கொப்பியில் எழுதிக்கொண்டார். 'கலியாணத்துக்கு நாள் பாக்கிற மாதிரியெல்லோ பாத்தனீர்' என்று என்னைப் பார்த்து அப்பா சிரித்தார்.

நான் சம்மதம் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மாதமாக வாயைப் பூட்டி வைத்திருந்தவள், நாள் பார்க்கப் போய்க் கெட்டேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சனிக்கிழமை வேண்டாம் என்று சொன்னேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது, மகன்? கலண்டரைத் திரும்ப ஆணியில் கொழுவிவிட்டேன். அன்றையிலிருந்து ஐந்து நாளாக ஒரு தாளும் கிழிக்கவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் செவ்வாய்க்கிழமைதான்.

அப்பா உனக்கு எழுதச் சொன்னது இது. உன் தந்திரம் அவருக்குத் தெரிந்துவிட்டது. போன கிழமை திங்கள் அனுப்பியதும் வியாழன் அனுப்பியதும் ஒரே இடம், மறுபக்கத்திலிருந்து ஓடி எடுத்திருக்கிறாய் என்று பிடித்துவிட்டார். சுவரோடு சாய்த்து வைத்த மஞ்சள் வள்ளம் இரண்டிலும் இருக்கிறதாம். அந்த விரலால் நிறுத்தி நிறுத்தி எனக்கும் காட்டினார். மலையும் கரையுமாக ஐந்து நாளில் ஓடி முடிக்கிற பாதையை ஒரு மாதமாக ஓடுகிறாய், பார்ப்பதற்கு மிச்சம் இருக்கும்வரை அப்பா போக மாட்டார் என்று நினைக்கிறாய் என்றார். கோபமில்லை. 'தம்பி பின்னுக்கு ஓடுறான்' என்றுமட்டும் சொன்னார்.

அவர் கணக்கில் இன்னும் ஒன்பது கிலோமீற்றர்தான் பாக்கி. அந்த நீளச் சுரங்கமும் அதற்கு அங்கால் உள்ள கரையும். அதை நேர்ப்பக்கமாக ஓடி முடித்துப் படத்தை அனுப்பிவிட்டு, வருகிற ஞாயிறுக்குள் வீடு வந்து சேரட்டாம். அந்த வெள்ளி இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள். நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நிற்க முடியாவிட்டால் குறை நினைக்க மாட்டாராம். அதைச் சொல்லும்போது கண்ணை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். சில இடங்களை விட்டுவிட்டு வாசித்தேன். சரி என்பதற்குக் கண்ணை மூடித் திறந்தார். இப்போது அயர்ந்துவிட்டார். நான் குசினி மேசையில் இருக்கிறேன். இனி எழுதுவது அவருக்குத் தெரியாது.

நீ வா. கட்டாயம் வா. ரிஷானி உடைந்துபோய் இருக்கிறாள், என்னால் தனியாக ஏலாது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது கிலோமீற்றரை ஓடாதே. ஓடினாலும் படம் பிடிக்காதே. சுரங்கத்தில் திருத்த வேலை நடக்கிறது, பூட்டிவிட்டார்கள், பங்குனியில்தான் திறப்பார்களாம் என்று அப்பாவிடம் சொல்லு. ஓம், எனக்கும் அப்படித்தான் எழுதியிருந்தான் என்று நானும் சொல்வேன். பொய் சொன்னால் வாயில் மிளகாய் தடவுவேன் என்று வெருட்டி உன்னை வளர்த்தவள்தான் கேட்கிறேன்.

அவர் நம்ப மாட்டார். மஞ்சள் வள்ளத்தைப் பிடித்தவருக்கு இதைப் பிடிக்க எவ்வளவு நேரம்? ஆனாலும் பங்குனிவரையும் பாப்பம் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராதா என்று பார்க்கிறேன். பங்குனியில் அந்த இரண்டு விரலும் இராது என்று எனக்குத் தெரியும். பிறகு அவர் நினைத்தாலும் போக முடியாமல் கிடப்பார், அதற்கு நான்தான் காரணம் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். நான் நல்லவள் இல்லை, மகன். முப்பத்துநாலு வருடம் அவரோடு இருந்துவிட்டேன்.

நாளைக் காலையில் தபாற்கந்தோர் திறந்தவுடன் அவசரத் தபாலில் போடுகிறேன். மிலானோவில் ரயில் மாற வேண்டும், சைக்கிளுக்குத் தனி ரிக்கெற் எடு. குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு வா. நல்லூரான் உன்னை வழித்துணையாக நின்று கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் இரண்டு கையையும், பத்து விரலையும், நீ கிழவனாகிற காலம்வரை ஒரு குறையும் வராமல் அவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
அம்மா